கேனன் 1500டி, சின்ன ஹால், ஓடும் குழந்தை: 50 வாங்கலாமா, 24 வாங்கலாமா?

குடந்தையான்:

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் கேனன் 1500டி இருக்கிறது, கூடவே வந்த 18-55 கிட் லென்ஸைத் தவிர வேறு லென்ஸ் இல்லை. பகலில் வெளியே எடுத்தால் எந்தக் குறையும் சொல்ல முடியாது. பிரச்சினை எல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டுக்குள். மகளுக்கு ஒன்றரை வயது, ஒரு இடத்தில் நிற்கவே மாட்டாள். ஹால் பத்துக்குப் பன்னிரண்டு அடி, ஒரே ஒரு ட்யூப்லைட். ஆட்டோவில் வைத்தால் கேமரா தானாக ஃபிளாஷைத் தூக்கிக்கொள்கிறது, அவள் கண்ணைச் சுருக்குகிறாள், பின்சுவரில் கன்னங்கரேலென்று நிழல் விழுகிறது. ஃபிளாஷை நிறுத்திவிட்டு எடுத்தால் கை, கால் எல்லாம் ஆடிப்போகிறது. ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை, 6400க்கு ஏற்றினால் முகமெல்லாம் புள்ளி புள்ளியாக வருகிறது.

பிரைம் லென்ஸ், அதாவது ஜூம் இல்லாத லென்ஸ், ஒன்று வாங்கலாம் என்று முடிவு செய்துவிட்டேன். பட்ஜெட் பன்னிரண்டாயிரம், அதற்கு மேல் இப்போதைக்கு முடியாது. கடைக்காரர் யோசிக்காமல் 50எம்எம் எஃப் 1.8 எடுங்கள் என்கிறார். கூட வேலை பார்க்கும் நண்பர், வீட்டுக்குள் 50 ஒத்துவராது, 24எம்எம் எஃப் 2.8 பேன்கேக் எனும் தட்டை லென்ஸ்தான் சரி என்கிறார். மச்சான் நிக்கான் வைத்திருக்கிறார், அவருடைய 35எம்எம் 1.8ல் வீட்டுக்குள் எடுத்த படங்களைப் பார்த்தால் ஆசையாக இருக்கிறது. அதை என் கேமராவில் மாட்ட முடியுமா? இதற்கு நடுவில் தெரிந்தவர் ஒருவர் பழைய 50 1.8 மார்க் 2 லென்ஸைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார்.

இன்னொரு விஷயமும் உண்டு. தாராசுரம் எங்களுக்குப் பக்கம். ஐராவதேசுவரர் கோயில் மண்டபத் தூண்களில் இருக்கும் சின்னச் சின்னச் சிற்பங்களை எடுக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. அங்கேயும் உள்ளே வெளிச்சம் குறைவு. ஒரே லென்ஸ் இரண்டுக்கும் ஆகுமா? படித்துப் படித்துக் குழம்பியதுதான் மிச்சம், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழையலென்ஸ்:

தம்பி, ஹாலின் அளவைச் சொன்னீர்கள் பாருங்கள், இந்தக் கேள்வியில் அதுதான் முக்கியமான தகவல். பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை, "எந்த லென்ஸ் பெஸ்ட்" என்று மட்டும் கேட்பார்கள். அதை வைத்தே கணக்குப் போடலாம்.

உங்கள் கேமரா சென்சார் 22.3க்கு 14.9 மில்லிமீட்டர். பழைய ஃபிலிம் அளவிலான முழு ஃப்ரேம் சென்சாரைவிடச் சின்னது, அதனால் எந்த லென்ஸை மாட்டினாலும் பார்வை 1.6 மடங்கு நெருங்கிவிடும். 50 மாட்டினால் முழு ஃப்ரேம் கேமராவில் 80 மாட்டியதுபோல. பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் நீங்கள் சுவரில் சாய்ந்துகொண்டாலும் குழந்தைக்கும் உங்களுக்கும் நடுவில் எட்டடி கிடைத்தால் அதிகம். எட்டடியில் 50எம்எம் காட்டுவது சுமார் மூன்றரை அடி அகலம், இரண்டரை அடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம், அவ்வளவுதான். கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் குழந்தை தலை முதல் கால் வரை வந்துவிடும். பாட்டி மடியில் குழந்தை, பக்கத்தில் அம்மா என்றால் யாரோ ஒருவர் வெட்டுப்படுவார்கள். பெரியவர் ஒருவர் நிற்பதை முழுசாக எடுக்கப் பதிமூன்று அடியாவது பின்னால் போக வேண்டும், உங்கள் ஹாலில் அது நடக்காது. அதே எட்டடியில் 24எம்எம் ஏழடிக்கு மேல் அகலமும் ஐந்தடி உயரமும் காட்டும். குடும்பமே வந்துவிடும்.

இதை மட்டும் பார்த்தால் உங்கள் நண்பர் சொன்னது சரி. ஆனால் நீங்கள் லென்ஸ் வாங்க நினைத்ததே வெளிச்சத்துக்காக, அந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். எஃப் எண் குறையக் குறைய உள்ளே வரும் வெளிச்சம் கூடும். கிட் லென்ஸ் 55 பக்கம் போனால் எஃப் 5.6. அங்கிருந்து 1.8க்கு வந்தால் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வருகிறது. 1/30 நொடியில் ஆடிப்போன படம் அதே ஐஎஸ்ஓவில் 1/300ல் கிடைக்கும். குழந்தை தத்தித் தத்தி நடப்பதை நிறுத்திப் பிடிக்க 1/250 போதும். 24 கதை வேறு. உங்கள் கிட் லென்ஸே 24ல் எஃப் 4 பக்கம் தருகிறது, பேன்கேக் 2.8. இரண்டு மடங்கு வெளிச்சம், ஒரே ஒரு ஸ்டாப். இருக்கிற பன்னிரண்டாயிரத்தையும் போட்டு ஒரு ஸ்டாப் வாங்குவதா என்று யோசியுங்கள்.

பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள், செலவில்லாதது. கிட் லென்ஸ் வளையத்தில் 18, 24, 35, 55 என்று எண்கள் இருக்கும். 55க்குச் சற்று முன்னால் வைத்து செலோடேப் ஒட்டிவிடுங்கள், திரும்பக் கூடாது. ஒரு சாயங்காலம் முழுக்க அப்படியே எடுங்கள். மறுநாள் 24ல் ஒட்டி எடுங்கள். படம் ஆடுகிறதா, புள்ளி வருகிறதா என்று பார்க்க வேண்டாம். நினைத்த ஃப்ரேம் கிடைக்கிறதா, எங்கே சுவர் முட்டுகிறது, எங்கே நெருங்க முடியாமல் தவிக்கிறீர்கள் என்று மட்டும் பாருங்கள். அப்புறம் இதுவரை எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்து, பிராப்பர்ட்டீஸ் போய் டீடெய்ல்ஸில் ஃபோக்கல் லெங்த் என்ன என்று பாருங்கள். உங்களுக்குப் பிடித்த படங்களை எந்த எண்ணில் எடுத்திருக்கிறீர்கள் என்பது அதிலேயே இருக்கும்.

தாராசுரத்தைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், அதற்கு வேறு பதில்.

நிக்கான் நேசன்:

மச்சான் லென்ஸைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். அது 2009ல் வந்த டிஎக்ஸ் (நிக்கானின் சின்ன சென்சார் வகை) 35எம்எம் 1.8ஜி ஆகத்தான் இருக்க வேண்டும். நிக்கான் டிஎக்ஸ் கேமராவில் அது 52 பக்கம் பார்வை தரும். வீட்டுக்குள் ரொம்ப நெருக்கமும் இல்லை, ரொம்ப விரிவும் இல்லை. இருநூறு கிராம் பக்கம்தான் எடை, நான் கழற்றுவதே அபூர்வம்.

உங்கள் கேனனில் மாட்ட அடாப்டர் கிடைக்கும், ஆனால் வாங்காதீர்கள். ஆட்டோஃபோகஸ் போய்விடும். அந்த லென்ஸில், வெளிச்சம் நுழையும் துளையை மாற்றும் அப்பர்ச்சர் வளையமும் கிடையாது, அதனால் அப்பர்ச்சரைச் சரியாகக் கட்டுப்படுத்தவும் முடியாது. ஓடுகிற குழந்தையைக் கையால் ஃபோகஸ் செய்து பிடிப்பது நடக்கிற காரியம் இல்லை.

நியாயமாகப் பார்த்தால் கேனன் டிஎஸ்எல்ஆர்க்காரர்களுக்கு இதுதான் பெரிய குறை. எங்களுக்கு 35 1.8 போல, சின்ன சென்சாருக்கென்றே செய்த, மலிவான, வெளிச்சமான ஒரு லென்ஸைக் கேனன் அவர்களுக்குச் செய்து தரவே இல்லை. கேனனின் 35 எஃப் 2 ஐஎஸ் நல்ல லென்ஸ், ஆனால் விலை உங்கள் பட்ஜெட்டுக்கு எட்டாது. யோங்நுவோ கம்பெனி கேனன் மவுண்டில் 35 எஃப் 2 ஒன்று மலிவாகப் போட்டது. கண்ணில் பட்டால் உங்கள் கேமராவிலேயே மாட்டி எஃப் 2ல் எடுத்துப் பார்த்து, திருப்தி இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

இதைப் படிக்கிற நிக்கான்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மலிவாக இருக்கிறதே என்று ஏஎஃப் 50எம்எம் 1.8டி வாங்கிவிடாதீர்கள். டி3500, டி5600 போன்ற கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, அந்த லென்ஸிலும் கிடையாது, ஆட்டோஃபோகஸ் வேலையே செய்யாது. லென்ஸில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டி7000 வரிசை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

கிளிக் கயல்:

நான் 24 பக்கம். பழையலென்ஸ் அண்ணா சொன்ன ஒரு ஸ்டாப் கணக்கை மறுக்கவில்லை, ஆனால் எதற்காகப் படம் எடுக்கிறோம் என்பதும் இருக்கிறதே. குழந்தை முகம் மட்டும் பளிச்சென்று, பின்னால் எல்லாம் கரைந்துபோன படம் பார்க்க அழகுதான். எனக்கு இரண்டு பிள்ளைகள், அப்படி நிறைய எடுத்து வைத்திருக்கிறேன். இன்று ஆல்பத்தைத் திறந்தால் எல்லாரும் விரலை வைத்துக் காட்டுவது வேறு மாதிரிப் படங்களை: கதவில் சாக்பீஸ் கிறுக்கல், மூலையில் மரக்குதிரை, சோபாவில் பேப்பர் படிக்கிற தாத்தா, நடுவில் பிள்ளை. அந்த வீட்டைக் காலி செய்துவிட்டோம், தாத்தாவும் இப்போது இல்லை. 50ல் அந்த மாதிரிப் படம் அந்த ஹாலில் வந்திருக்காது.

பேன்கேக் 125 கிராம்தான். கேமரா கழுத்தில் தொங்குவதே தெரியாது, அதனால் கையிலேயே இருக்கும். 16 சென்டிமீட்டர் வரை கிட்டே போய் ஃபோகஸ் ஆகும். புள்ளிகளுக்கு இவ்வளவு பயப்பட வேண்டாம், ரா ஃபைலில், அதாவது கேமரா திருத்தாத மூல ஃபைலில், எடுத்துக் கம்ப்யூட்டரில் கொஞ்சம் சரிசெய்து, ஆல்பம் அளவில் பிரிண்ட் போட்டால் 3200 எல்லாம் கண்ணுக்கே தெரியாது. புள்ளி வந்த படத்தைச் சரிசெய்யலாம், ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

எந்த லென்ஸ் வாங்கினாலும் முதலில் ஹாலில் இன்னொரு ட்யூப்லைட் மாட்டுங்கள். வெளிச்சம் இரண்டு மடங்கானால் அதுவே ஒரு ஸ்டாப். எல்இடி பேட்டன் சில நூறு ரூபாய்தான். அதையும் இப்போது இருப்பதற்கு எதிர்ச்சுவரில் மாட்டினால் முகத்தில் ஒரு பக்கம் விழும் நிழலும் குறையும். குழந்தை விளையாடும் பாயை அந்த இரண்டு விளக்குக்கும் நடுவில் போடுங்கள்.

பழையலென்ஸ்:

கயல் சொன்ன விளக்கு யோசனை இந்தத் திரியில் வந்ததிலேயே உருப்படியான யோசனை, தம்பி அதை இன்றைக்கே செய்யலாம். ஆனால் பாருங்கள் கயல், அதுவே என் கட்சிக்கும் பலம் சேர்க்கிறது. சில நூறு ரூபாய் விளக்கால் ஒரு ஸ்டாப் கிடைத்துவிட்டால், கிட் லென்ஸை 24ல் வைத்தே பேன்கேக் செய்கிற வேலையில் முக்கால்வாசி செய்துவிடலாம். தாத்தா, மரக்குதிரை, கிறுக்கல் எல்லாம் அதிலேயே வரும். 1.8 தருகிற வெளிச்சத்தை மட்டும் அவரிடம் இப்போது இருக்கிற எதனாலும் தர முடியாது. இருக்கிற லென்ஸால் முடியாததை வாங்குவதுதானே செலவுக்கு அர்த்தம்? எடை குறைவு, கையிலேயே இருக்கும் என்று சொன்னீர்களே, அதற்கு என்னிடம் பதில் இல்லை, அது உண்மை.

சரி, தாராசுரம். அங்கே பிரைம் வாங்கினால் படம் நன்றாக வரும் என்று நினைக்காதீர்கள். சிற்பம் அசையாது. அசைவது உங்கள் கை மட்டும்தான், அதைத் தடுக்கிற வசதி உங்கள் கிட் லென்ஸிலேயே இருக்கிறது. லென்ஸ் மேல் ஐஎஸ் என்று எழுதியிருக்கிறதா, பக்கத்தில் ஸ்டெபிலைசர் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைப் போட்டுவிட்டு, தூணில் தோளைச் சாய்த்து, மூச்சைப் பிடித்து எடுத்தால் 24ல் 1/8, 1/10 கூடத் தெளிவாக வரும். 24 பேன்கேக்கிலும், கடைக்காரர் சொன்ன புது 50 1.8 ஆன 50 எஸ்டிஎம்மிலும் ஸ்டெபிலைசர் கிடையாது. 50ல் அசையாத பொருளுக்கே 1/80 பக்கம் வேண்டும்.

சின்னச் சிற்பம் என்றால் இன்னொன்றும் இருக்கிறது. 50 எஸ்டிஎம் 35 சென்டிமீட்டருக்குக் கிட்டே போகாது, அங்கே பொருளின் அளவில் 0.21 மடங்குதான் சென்சாரில் விழும். 24 பேன்கேக் 0.27. உங்கள் 18-55 ஐஎஸ் 2, 55ல் வைத்து 25 சென்டிமீட்டருக்குப் போனால் 0.34. மூன்றில் உங்களிடம் ஏற்கெனவே இருப்பதுதான் சிற்பத்தைப் பெரிதாகக் காட்டும். எஃப் 8 பக்கம் வைத்தால்தான் செதுக்கலின் ஆழம் முழுக்கத் தெளிவாகவும் வரும், 1.8 அங்கே எதற்கும் உதவாது. காலையில் பக்கவாட்டில் வெயில் விழும் நேரத்தில் போங்கள், புடைப்பு நன்றாகத் தெரியும். தொல்லியல் துறை பராமரிக்கிற இடம், ட்ரைபாடுக்கு அனுமதி வாங்க வேண்டும். கையில் பிடித்து எடுக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

குடந்தையான்:

எல்லாருக்கும் நன்றி. தாராசுரத்துக்குக் கிட் லென்ஸே போதும் என்பது எனக்குப் புது விஷயம், பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்தது. லென்ஸ் மேல் ஐஎஸ் 2 என்றுதான் போட்டிருக்கிறது.

செலோடேப் சோதனையும் செய்து பார்த்தேன். 50ல் வைத்தபோது குழந்தை மட்டும் என்றால் தாராளமாக இருந்தது. தரையில் உட்கார்ந்துகொண்டால் இன்னும் நன்றாக இருந்தது. அவள் நேராக என்னை நோக்கி ஓடி வந்தால்தான் சிக்கல், ஃப்ரேம் முழுக்க முகமாகிவிடுகிறது. 24ல் வைத்தபோது எல்லாரும் வந்தார்கள், ஆனால் அவளைப் பெரிதாகக் காட்ட ரொம்பக் கிட்டே போக வேண்டியிருந்தது, போனால் கேமராவைப் பிடுங்க வருகிறாள். பழைய படங்களைத் திறந்து பார்த்ததில், என் மனைவிக்கும் எனக்கும் பிடித்தவை பெரும்பாலும் 45, 50, 55 என்றே இருக்கின்றன. குடும்பமாக எடுத்தவை 18 அல்லது 24.

எனவே 50 பக்கம் மனசு போய்விட்டது. கயல் அக்கா சொன்ன விளக்கை நாளைக்கு மாட்டுகிறேன். இப்போது கேள்வி, அந்தப் பழைய மார்க் 2ஐ வாங்கலாமா, புது எஸ்டிஎம் வாங்கலாமா? பழையதை வாங்கினால் மிச்சப் பணத்தில் ஒரு சின்ன ஃபிளாஷ் வாங்கி, கூரையைப் பார்த்து அடிக்கலாம் என்று ஒரு யோசனை.

கிளிக் கயல்:

படங்களே 50 என்று சொல்லிவிட்ட பிறகு நான் 24க்கு வாதாடவில்லை, 50ஏ வாங்குங்கள் தம்பி. குடும்பப் படங்களுக்கு மட்டும் கிட் லென்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிடாமல் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

ஃபிளாஷ் வாங்கும் முன் கேமராத் தலையில் இருக்கும் ஷூவைக் கிட்டே பாருங்கள். வழக்கமாக எல்லாக் கேமராவிலும் நடுவில் ஒரு பெரிய வட்டப் பொட்டு இருக்கும், ஃபிளாஷை அடிக்கச் சொல்வது அதுதான். 1500டியில் அந்த நடுப் பொட்டையே எடுத்துவிட்டார்கள். அதனால் மலிவாகக் கிடைக்கும் மேனுவல் ஃபிளாஷ்கள், ஒரே பின் உள்ளவை, இதில் மாட்டினால் எரியவே எரியாது. எந்தக் கேமராவிலும் வேலை செய்யும் என்று விற்பவர் சொன்னாலும் நம்ப வேண்டாம். கேனனுக்கென்று செய்த, வெளிச்சத்தைக் கேமராவே அளந்து அடிக்கும் ஈ-டிடிஎல் ஃபிளாஷாகப் பார்த்து, உங்கள் கேமராவிலேயே மாட்டி, அடித்துப் பார்த்து, பிறகு பணம் கொடுங்கள். கூரை வெள்ளையாக இருந்தால் கூரைக்கு அடிப்பது அருமையான வழி. இப்போது வருகிற நிழலும் இருக்காது, குழந்தை கண்ணும் கூசாது.

பழையலென்ஸ்:

மார்க் 2 கண்ணாடியில் குறை இல்லை. 1990லிருந்து எத்தனையோ பேர் படம் எடுத்துப் பழகியது அந்த லென்ஸில்தான். ஆனால் 2015ல் வந்த எஸ்டிஎம் கையில் பிடித்தாலே வித்தியாசம் தெரியும். பழையதில் கேமராவோடு சேரும் மவுண்டே பிளாஸ்டிக், கீழே விழுந்தால் இரண்டாகப் பிளந்துகொள்ளும். மோட்டார் கர்ரென்று சத்தம் போடும். வெளிச்சம் குறைந்த இடத்தில் ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும், உங்கள் பிரச்சினையே வெளிச்சம் குறைந்த இடம்தான். 45 சென்டிமீட்டருக்குக் கிட்டே போகாது. அப்பர்ச்சர் இதழ்கள் ஐந்துதான், கொஞ்சம் மூடினாலே பின்னால் இருக்கும் சீரியல் பல்புகள் ஐங்கோணமாகத் தெரியும். எஸ்டிஎம்மில் உலோக மவுண்ட், ஏழு இதழ், 35 சென்டிமீட்டர். 160 கிராம் பக்கம்தான் எடை. ஓடும் குழந்தைக்குப் புதியதையே வாங்குங்கள் என்பேன்.

பணம் இடிக்கிறது, பழையதுதான் முடியும் என்றால் பார்க்காமல் வாங்காதீர்கள். கேமராவை எடுத்துக்கொண்டு போங்கள். லென்ஸின் பின்பக்கம் கண்ணை வைத்து, முன்பக்கத்திலிருந்து ஃபோன் டார்ச்சை அடித்து, சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே நூல் நூலாக, கிளை விட்டுப் படர்ந்த மாதிரி ஏதாவது தெரிந்தால் பூஞ்சை, நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். நாலைந்து தூசி இருந்தால் படத்தை ஒன்றும் செய்யாது. அப்புறம் டைல்ஸ் தரையையோ சுவரையோ 1.8ல் ஒன்று, எஃப் 8ல் ஒன்று, அப்பர்ச்சர் மோடில் எடுங்கள். இரண்டும் ஒரே வெளிச்சத்தில் வர வேண்டும். எஃப் 8 படம் மட்டும் வெளுத்துப்போனால் இதழ்களில் எண்ணெய் ஏறி ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

புதியதானாலும் பழையதானாலும் காவிரிக்கரை ஈரத்துக்குப் பையிலேயே பூட்டி வைக்காதீர்கள். சமையலறையில் இருக்குமே, ரப்பர் வளையம் வைத்த காற்றுப் புகாத பெரிய டப்பா, அதில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நிறம் மாறும் வகை ஜெல் வாங்கினால் எப்போது காய வைக்க வேண்டும் என்று பார்த்தே தெரிந்துகொள்ளலாம். வாரம் ஒருமுறை எடுத்து உபயோகியுங்கள். உபயோகத்தில் இருக்கிற லென்ஸில் பூஞ்சை அவ்வளவு சீக்கிரம் பிடிப்பதில்லை.

புதுக்கேமரா:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் ஆர்50 இருக்கிறது, இதே மாதிரி வீடு, இதே மாதிரி வால் பையன். எனக்கும் இந்த எஸ்டிஎம்தானா?

பழையலென்ஸ்:

இல்லை, உங்களுடையது கேனனின் மிரர்லெஸ் கேமரா, லென்ஸ் மாட்டும் இடம் வேறு வகை, ஆர்எஃப் மவுண்ட். இந்த லென்ஸை அடாப்டர் போட்டு மாட்டலாம், ஆட்டோஃபோகஸும் முழுசாக வேலை செய்யும், ஆனால் அடாப்டருக்குத் தனியாகப் பணம் கொடுப்பதைவிட நேராக ஆர்எஃப் 50 1.8 வாங்கிவிடலாம். அதே எடை, 30 சென்டிமீட்டர் வரை கிட்டே போகும். விரிவாக வேண்டும் என்றால் 2023ல் வந்த ஆர்எஃப் 28 எஃப் 2.8 பேன்கேக் இருக்கிறது. உங்கள் கேமரா கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் என்பதால் 50 1.8ல் நீங்கள் இவரைவிடக் குறைவாகத்தான் கஷ்டப்படுவீர்கள். ஆனால் செலோடேப் சோதனையை நீங்களும் செய்யுங்கள், சுவர் எல்லாருக்கும் சுவர்தான்.

குடந்தையான்:

முடிவு செய்துவிட்டேன், புது எஸ்டிஎம். ஃபிளாஷ் யோசனையைத் தள்ளி வைத்துவிட்டேன், இரண்டாவது விளக்கு மாட்டியதிலேயே ஹால் நன்றாக மாறிவிட்டது. கடைசியாக ஒன்று. 1.8ல் எடுத்தால் ஒரு கண் தெளிவாகவும் மற்றது மங்கலாகவும் வரும் என்கிறார்களே, அதை எப்படிச் சமாளிப்பது? 49எம்எம் யூவி ஃபில்டர் ஒன்றும் சேர்த்து வாங்கச் சொல்கிறார் கடைக்காரர், தேவையா?

பழையலென்ஸ்:

ஃபில்டருக்குப் பதில், லென்ஸின் முன்னால் மாட்டும் வளையமான ஹூட் ஒன்றை இஎஸ்-68 அளவில் வாங்குங்கள், மலிவானதே போதும். இந்த லென்ஸில் ஃபோகஸ் ஆகும்போது முன்குழல் வெளியே வரும். வந்த நிலையில் முன்னால் இடித்தால் உள்ளே இருக்கும் பல்சக்கரத்துக்கு ஆகாது. ஹூட் அந்த இடியை வாங்கிக்கொள்ளும். குழந்தையின் விரலும் கண்ணாடிக்கு எட்டாது. மலிவான ஃபில்டர் போட்டால் விளக்கை நோக்கி எடுக்கும்போது பேய் வெளிச்சம் விழும்.

ஃபோகஸுக்கு வருவோம். ஐந்தடி தூரத்தில் 1.8ல் தெளிவாக இருப்பது முன்பின் சேர்த்து ஆறு சென்டிமீட்டர் பக்கம்தான். முகத்தைச் சற்றுத் திருப்பினாலே அந்தப் பக்கத்துக் கண் மங்க ஆரம்பித்துவிடும். எஃப் 2.5க்கு வந்தால் எட்டு சென்டிமீட்டருக்கு மேல் கிடைக்கும், எட்டடி தூரத்துக்குத் தள்ளிப்போனால் இன்னும் எவ்வளவோ தாராளம். ஆரம்பத்தில் 2.2 அல்லது 2.5ல் வைத்துப் பழகுங்கள், பின்னணி அப்போதும் நன்றாகவே மங்கும். மேனுவல் மோடில் 2.2, 1/250, ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு உச்சவரம்பு 6400 என்று மெனுவில் போட்டுவிடுங்கள். உங்கள் கேமராவில் ஒன்பது ஃபோகஸ் புள்ளிகள் இருந்தாலும் நடுப்புள்ளி ஒன்றுதான் குறுக்கு வகை, கிடைக்கோடு நெடுக்கோடு இரண்டையும் பிடிக்கும், மங்கல் வெளிச்சத்தில் நம்பலாம். அதை மட்டும் வைத்துக்கொண்டு, அசைவதைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் ஏஐ சர்வோ போட்டு, கிட்டே இருக்கும் கண்ணின் மேலேயே வைத்துத் தொடருங்கள். ஃபோகஸ் பிடித்த பிறகு ஃப்ரேமுக்காகக் கேமராவை நகர்த்தாதீர்கள், இந்த ஆறு சென்டிமீட்டரில் அது கண்ணைத் தவறவிட்டுவிடும். சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு எடுத்துவிட்டு அப்புறம் வெட்டிக்கொள்ளுங்கள், 24 மெகாபிக்சல் இருக்கிறது, தாங்கும்.

சில படம் மட்டும் மஞ்சளாகவோ இருட்டாகவோ வந்தால் லென்ஸில் கோளாறு என்று கடைக்குத் திரும்ப ஓடாதீர்கள். பழைய சோக் வைத்த ட்யூப்லைட் நொடிக்கு நூறு தடவை மினுங்கும், 1/250 அதில் ஒரு துண்டைத்தான் பிடிக்கிறது. குழந்தை உட்கார்ந்திருக்கும்போது 1/100க்கு இறக்குங்கள், சரியாகிவிடும். ஓடும்போது தொடர்ச்சியாக மூன்று நான்கு எடுத்து நல்லதை வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பழைய ட்யூப்லைட்டையும் எல்இடியாக மாற்ற முடிந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும்.